எட்டு நாடுகள், ஒரு பிரம்பு

2014 ஜூலையில் பெங்களூரு நகரின் மாரத்தஹள்ளிப் பகுதியில் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அங்கிருந்த தனியார் பள்ளி ஒன்றில் 6 வயதுச் சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளான செய்தி வெளியாகிச் சில நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஊர்வலம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நடுத்தர வர்க்கம், அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் நடந்தது. மாநகரக் காவல் ஆணையர் மாற்றப்பட்டார். கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும், ஊழியர்களின் பின்னணியை விசாரிக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கு நீண்ட கட்டளைப் பட்டியல் போனது.

பட்டியலில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அது பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. ஏதாவது ஒரு வகையான பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். தொல்லை தந்தவர்களில் சுமார் பாதிப்பேர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி உதை பட்டவர்கள். வீட்டில் அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் அப்பா அம்மா கையால் வாங்கியவர்கள். எந்தக் கேமராவை எங்கே மாட்டுவது?

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த 13 மாநிலங்களில் கர்நாடகமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. இருந்தும் இந்த இரு மாநிலங்களின் கருத்தரங்குகளிலும் இன்றுவரை அதே 53 சதவீதம்தான் மேற்கோள் காட்டப்படுகிறது. அப்போது ஆய்வாளர்களிடம் பேசிய குழந்தைகள் இன்று தாமே பெற்றோர்களாகியிருப்பார்கள். திட்டம் தீட்டுவதில் நமக்கு இருக்கும் சுறுசுறுப்பு, எண்ணிப் பார்ப்பதில் இல்லை.

இது ஒரு நகரத்தின் கதை மட்டுமல்ல. குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய ஐ.நா.வின் உலக ஆய்வுக்காக 2005 மே மாதம் இஸ்லாமாபாத்தில் தெற்காசிய நாடுகள் கூடின. அங்கே பிறந்த மன்றம் 2010இல் 'சைவாக்' என்ற பிராந்திய அமைப்பாக உருவெடுத்தது. தலைமையகம் காத்மாண்டு. உறுப்பு நாடுகள் எட்டு. குழந்தைத் திருமணம், குழந்தை உழைப்பு, பாலியல் சுரண்டல், கடத்தல், பிரம்படி என்று ஐந்து தலைப்புகள். சார்க் அமைப்பும் அதைத் தன் உச்ச அமைப்புகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 2014 நவம்பர் தொடக்கத்தில் குழந்தைத் திருமணத்தை ஒழிக்கும் அறைகூவல் காத்மாண்டுவில் வெளியிடப்பட்டது. அதே மாதம் அதே நகரில் சார்க் உச்சி மாநாடும் நடந்தது. அதற்குப் பிறகு சார்க் தலைவர்கள் கூடவே இல்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய மாநாடு ஊரி தாக்குதலுக்குப் பின் நின்றுபோனது. தலைவர்கள் முகம் பார்த்துக்கொள்ளாத வீட்டில் பிள்ளைகளின் விவகாரத்தை யார் பேசுவது? அதிகாரிகள் பேசுகிறார்கள், அறிக்கைகள் வருகின்றன. கேட்க வேண்டிய நாற்காலிகள்தான் காலி.

தலைவர்கள் கூடிய காலத்திலும் எழுதியதெல்லாம் முழுமையாக இல்லை. கடத்தலைத் தடுக்க 2002 ஜனவரியில் சார்க் நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்படும் பெண்களையும் குழந்தைகளையும் பற்றி மட்டுமே பேசுகிறது. எல்லை தாண்டிப் பெங்களூருக்கு அழைத்து வரப்பட்டு உணவகத்தில் பாத்திரம் துலக்கும் நேபாளச் சிறுவனுக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை.

ஐந்து தலைப்புகளில் பிரம்புதான் சுவாரசியமானது. மற்ற நான்கையும் ஆதரித்து மேடையில் பேச யாருக்கும் துணிச்சல் வராது. பிரம்பை ஆதரித்துப் பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லை. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பது நம் பழமொழி. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த அப்பாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள். அடியின் வடிவம் மாறியிருக்கிறது: முட்டி போடுவது, வகுப்புக்கு வெளியே நிற்பது, சாதியைச் சொல்லியும் மதிப்பெண்ணைச் சொல்லியும் அவமானப்படுத்துவது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2009-10இல் 7 மாநிலங்களில் 6,632 குழந்தைகளிடம் கேட்டது. பள்ளியில் எந்தத் தண்டனையும் கிடைத்ததில்லை என்று சொன்னவர்கள் 9 பேர். ஒன்பதே பேர்.

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதி 2003இலேயே திருத்தப்பட்டு, பிள்ளைகளுக்கு உடல் வலியும் மன வலியும் தரக்கூடாது என்றானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் பள்ளித் தண்டனையைத் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பதினொன்றாம் வகுப்பு மாணவனின் முதுகு அதற்குள் வராது. மீறினால் என்ன தண்டனை? பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை, அவ்வளவுதான். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைப் பள்ளிகளில் கறாராக அமல்படுத்துமாறு தமிழக அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. விதி திருத்தப்பட்டு 21 ஆண்டுகளுக்குப் பிறகு!

அதே ஆண்டு ஜூலையில் 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரோ அவரது சம்மதத்தின் பேரில் இன்னொருவரோ நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்பது பழைய சட்டத்தின் 89ஆம் பிரிவு. அடித்த ஆசிரியர்களுக்கு நீதிமன்றத்தில் கேடயமாக உதவிய பிரிவு அது. புதிய சட்டத்தில் அது 27ஆம் பிரிவு. காலனி ஆட்சியின் மிச்சங்களைத் துடைப்பதாகச் சொல்லிக்கொண்ட சட்டம், இந்த ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

அண்டை வீடுகளில் நிலைமை கலவையாக இருக்கிறது. வங்கதேசத்தில் 2011இல் உயர் நீதிமன்றம் பள்ளித் தண்டனையைச் சட்ட விரோதம் என்றது. பாகிஸ்தான் 2021இல் கொண்டுவந்த சட்டம் இஸ்லாமாபாத் தலைநகர்ப் பகுதிக்கு மட்டும். இலங்கைக் கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளி, விடுதி, வீடு என்று எங்கும் குழந்தையை அடிக்கக் கூடாது என்று தெற்காசியாவில் முதலில் சட்டம் இயற்றியது நேபாளம், 2018இல். ராணுவமோ கருவூலமோ பெரிதாக இல்லாத நாடு. 2024 நவம்பரில் கொலம்பியாவின் பொகோட்டாவில் குழந்தைகள் மீதான வன்முறை குறித்து அமைச்சர்கள் அளவில் முதல் உலக மாநாடு நடந்தபோது, முழுத் தடைக்கு உறுதியளித்த நாடுகளில் இலங்கையும் சேர்ந்தது.

கர்நாடகம் தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சிவராஜ் பாட்டீல் தலைமையிலான குழு குழந்தைத் திருமணம் பற்றி 2011இல் அறிக்கை தந்தது. அதையொட்டி மாநில அரசு மத்தியச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. மத்தியச் சட்டப்படி, குழந்தைத் திருமணம் பொதுவாகத் தானாக ரத்தாகிவிடாது. கட்டிவைக்கப்பட்டவர் நீதிமன்றம் சென்று ரத்து கேட்க வேண்டும். தாலி கட்டிய வீட்டிலேயே இருந்துகொண்டு எந்தப் பெண் வழக்குப் போடுவாள்? கர்நாடகத் திருத்தம், அப்படிப்பட்ட திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்கிறது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைப் பாராட்டி, மற்ற மாநிலங்களும் பின்பற்றினால் நல்லது என்றது.

ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன் மணமானவர்கள் கர்நாடகத்தில் 21.3 சதவீதம். அகில இந்திய அளவான 23.3க்குப் பக்கத்தில். தமிழ்நாட்டில், இந்தத் திருத்தம் இல்லாமலேயே, 12.8. இதை வைத்துச் சட்டம் தோற்றுவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. கணக்கில் வந்த திருமணங்களில் பல திருத்தத்துக்கு முந்தியவை. ஆயினும் சிறுமியை மணமேடையிலிருந்து தள்ளி வைப்பது சட்டப் பிரிவைவிடப் பள்ளிக்கூடமாக இருக்கலாம் என்ற ஐயம் எழாமல் இல்லை. தமிழகத்தில் 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் திருமண உதவித் திட்டம் படிப்பை நிபந்தனையாக வைத்தது. 2022இல் அது புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அமைச்சர்களின் பிராந்திய மாநாடுகளில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை இவைதாம்.

நல்ல சட்டம் தவறான இடத்தில் பாய்வதும் உண்டு. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், சம்மத வயதை 16லிருந்து 18 ஆக்கியது. பெங்களூரில் இரு மகப்பேறு மருத்துவர்கள் 2001இல் தொடங்கிய 'என்ஃபோல்ட்' அமைப்பு, அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தது. 1,715 வழக்குகள் காதல் விவகாரங்கள். நான்கில் ஒன்று. பெரும்பாலும் பெண்ணின் குடும்பம் தந்த புகார். இவற்றில் 93.8 சதவீதம் விடுதலையில் முடிந்தன. அதற்குள் பையன் சிறைக்குப் போய் வந்திருப்பான், பெண் காப்பகத்தில் இருந்திருப்பாள். சட்ட ஆணையம் 2023இல், வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரையுள்ளோர் வழக்குகளில் நீதிபதிக்கு விருப்பதிகாரம் தரலாம் என்று பரிந்துரைத்தது. உண்மையிலேயே சீரழிக்கப்பட்ட சின்னக் குழந்தையின் வழக்கும் அதே நீதிமன்றத்தில், அதே வரிசையில்தான் காத்திருக்கிறது.

யார் மதிப்பிடுவது என்ற கேள்விக்குக் கர்நாடகத்தில் ஒரு வித்தியாசமான பதில் உண்டு. வேலை செய்யும் சிறுவர் சிறுமியர் 1990இல் 'பீமா சங்கா' என்ற தொழிற்சங்கம் அமைத்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் துணை நின்றது. 1996இல் குந்தாப்பூரில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் உழைக்கும் குழந்தைகள் கூடிப் பத்து அம்சப் பிரகடனம் வெளியிட்டார்கள். குழந்தைகள் செய்த பொருட்களைப் புறக்கணிக்காதீர்கள், வறுமையை எதிர்த்துப் போராடுங்கள், கண்ணியமான வேலையையும் படிக்க நேரத்தையும் தாருங்கள் என்பது அதன் சாரம். மேற்கத்திய நாடுகள் கம்பளத்தையும் பட்டையும் புறக்கணிக்கும் பேச்சில் இருந்த நேரம் அது. பக்கத்து ஆந்திரத்தில் சாந்தா சின்ஹாவின் எம்.வி. ஃபவுண்டேஷன் நேரெதிர்க் கொள்கையில் இயங்கியது: பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளிதான், பாதி வேலை பாதிப் படிப்பு என்ற சமரசமே கூடாது. சின்ஹா சொன்னதே இறுதியில் சரி. ஆனால் குந்தாப்பூர்ப் பிள்ளைகளைக் கூட்டத்துக்குள் விட்டதால்தான் அந்த வாதம் கூர்மை பெற்றது.

அந்த மரபிலிருந்து வந்ததுதான் மக்கள கிராம சபை. கன்னடத்தில் 'மக்கள' என்றால் குழந்தைகளின். கிராமப் பஞ்சாயத்துகள் ஆண்டுதோறும் குழந்தைகள் சபை கூட்ட வேண்டும் என்று கர்நாடக அரசு 2006இல் ஆணையிட்டது. பஞ்சாயத்துத் தலைவர், ஆசிரியர், மருத்துவ ஊழியர் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் எழுந்து கேட்பார்கள். கேட்பவை சின்ன விஷயங்களாகத் தெரியும்: பள்ளிக்குப் போகும் வழியில் சாராயக் கடை, தாழ்ப்பாள் இல்லாத கழிவறை, இருட்டிய பிறகு வரும் பேருந்து. வன்முறை நடக்கும் இடங்களின் வரைபடம் இதுவே என்பது கொஞ்சம் யோசித்தால் புரியும். எந்த ஆலோசகரும் இதைவிடத் துல்லியமாக வரைந்து தர முடியாது. நகரத்துப் பிள்ளைகள் பாவம், ஆணை கிராமங்களுக்கானது.

பல ஊர்களில் இது பாட்டு, நடனம், பிஸ்கட் பொட்டலம் என்று ஒரு நாள் விழாவாகச் சுருங்கிவிட்டது உண்மை. பிள்ளைகள் கேட்டதற்கு என்ன செய்தோம் என்று பஞ்சாயத்து அடுத்த கூட்டத்தில் சொன்னால்தான் அது சபை. எத்தனை கேள்விகள் வந்தன, எத்தனைக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, எத்தனை சாராயக் கடை நகர்ந்தது என்று தாலுகாவாரியாக மாநில அரசு ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடலாம். பெரிய செலவில்லை. காத்மாண்டுவில் அடுத்த முறை எட்டு நாட்டு அதிகாரிகளும் கூடும்போது, இந்தியத் தரப்பு முதலில் மேசையில் வைக்க வேண்டிய காகிதம் அது.