நோயாளியை நடக்கவிட்டு எண்ணுங்கள்

திண்டிவனம் வட்டாரத்தில் ஓ.பி. பார்க்கும் நமக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது, சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன நடுவயதுப் பெண்தான். 2011-12இல் இந்திய மையங்கள் 24இலிருந்து 1537 பேரைச் சேர்த்த பதிவேட்டிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது; சராசரி வயது 55ஐ ஒட்டியே இருந்தது. அதனால் தன்னியக்க நரம்பு மண்டலம் என்ற பேச்சு வந்தால், அது அப்லேஷன் செய்பவர்களின் கவலை என்று விட்டுவிடுகிறோம். விடக்கூடாது.

மேலறை எவ்வளவு தாறுமாறாகத் துடித்தாலும், அதில் எத்தனை துடிப்பு கீழறைக்கு இறங்கும் என்பதை ஏ.வி. கணு தீர்மானிக்கிறது. அந்தக் கணுவை அடக்குவது வேகஸ், முடுக்குவது பரிவு நரம்பு. டிஜாக்சின் பெரும்பாலும் வேகஸ் வழியாகவே வேலை செய்கிறது. ஆகவே வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வரும் பெண்ணுக்குத் துடிப்பு 80 இருக்கும். நாமும் அதே டிஜாக்சினைத் தொடரச் சொல்லி எழுதிவிடுவோம். மறுநாள் அவர் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கும்போதோ மரக்காணத்தில் உப்பு வாரும்போதோ வேகஸ் பின்வாங்குகிறது. டிஜாக்சினுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. துடிப்பு 150ஐத் தாண்டினால் டயஸ்டோல் குறுகும், சுருங்கிய வால்வு வழியே ரத்தம் இறங்க நேரம் இருக்காது, நுரையீரலில் நீர் கோக்கும். "உட்கார்ந்தா ஒண்ணுமில்ல டாக்டர், வேலை செஞ்சாதான் மூச்சு வாங்குது" என்று அவர் சொல்வது முழு நோயறிதல். வராந்தாவில் இரண்டு நடை நடக்கவிட்டு, உடனே ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மணிக்கட்டில் எண்ணினால் பல துடிப்புகள் தவறிப்போகும். ஏறியிருந்தால், முரண் ஏதும் இல்லாதவருக்கு பீட்டா பிளாக்கர் சேர்க்க வேண்டும். ஓய்வில் 110க்குக் கீழே இருந்தால் போதும் என்று 2010இல் ரேஸ்-2 ஆய்வு காட்டியதை மைட்ரல் சுருக்கத்துக்கு அப்படியே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை.

வால்வு நல்ல நிலையில் இருந்து, விட்டுவிட்டுப் படபடப்பு வருபவரிடம் கேட்க வேண்டியது நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூக்கத்திலும் மட்டுமே வந்து, உழைக்கும்போது வராமலிருப்பதை வேகஸ் வகையாக 1970களில் பாரிஸின் ஃபிலிப் கூமெல் பிரித்துக் காட்டினார். அசிட்டைல்கோலின் மேலறைத் தசை மறுதூண்டலை ஏற்காத இடைவெளியை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் குறைக்கிறது. சுழல் அலைகள் நிலைக்க அதுவே போதும். இவருக்கு டிஜாக்சின் தீங்கு, பீட்டா பிளாக்கரும் சில சமயம் நிலைமையை மோசமாக்கும். உழைப்பிலும் பதற்றத்திலும் வருபவருக்கு அதே பீட்டா பிளாக்கர்தான் மருந்து. பலரிடம் இரண்டும் கலந்திருக்கும் என்பது உண்மை. ஆனாலும் கேட்டால்தானே தெரியும்? குறட்டையையும் சேர்த்துக் கேளுங்கள்: மூச்சு அடைபடும்போது வேகஸும், விழிப்பு தட்டும்போது பரிவு நரம்பும் மாறிமாறி மேலறையை உலுக்குகின்றன.

நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றியுள்ள நரம்பு முடிச்சுகளைச் சுட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்தது. 240 பேரை எடுத்த அஃபாக்ட் ஆய்வு (2016) அதனால் பலன் கூடவில்லை, ரத்தக்கசிவும் பேஸ்மேக்கர் தேவையுமே கூடின என்று காட்டியது. காது மடலருகே மெல்லிய மின்தூண்டல் தரும் முறை 2020இல் 53 பேரிடம் நல்ல பலன் தந்தது. பெரிய ஆய்வுகள் வரட்டும்.

நரம்பைப் பற்றிய இந்த அக்கறை ரத்த உறைவுத் தடுப்பைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. ருமாட்டிக் நோயாளிகளுக்கு ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்துகளில் இறப்பு குறைவு என்று 2022இல் இன்விக்டஸ் காட்டிவிட்டது. முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ அனுப்பும் கடிதத்தில் கடைசி ஐ.என்.ஆரோடு, நடந்தபின் எண்ணிய துடிப்பையும் படபடப்பு தொடங்கும் வேளையையும் எழுதி அனுப்புங்கள். அங்கே அவரைப் படுக்கவைத்துத்தான் ஈ.சி.ஜி. எடுப்பார்கள்.