'அம்மாவுக்கு கோல்'

யாழ்ப்பாணத்து அம்மாவோட பேச கூகுள் காலண்டரில் போட்ட ஞாயிறு நினைவூட்டல், அவ போன பிறகும் மெல்பேர்னில் மாலை 6 மணிக்கு அடிக்குது. (அங்கை பகல் 1.30, ஒக்டோபரில் நேரம் மாறினால் 12.30.)

'எல்லாம்' எண்டு அழிச்சுப் போடாதேங்கோ. பேசின ஞாயிறுகளும், 'மருந்து வாங்கினவவோ எண்டு கேட்கவேணும்' எண்ட குறிப்புகளும் சேர்ந்து போயிடும். இனி வரப்போற ஞாயிற்றைத் திறந்து, 'இதுவும் அடுத்தவையும்' என்பதைத் தெரிவு செய்யுங்கோ. தவறி அழிச்சிருந்தால், கணினியில் காலண்டரின் குப்பைத்தொட்டியில் சுமார் 30 நாள் கிடக்கும், மீட்கலாம்.

தங்கச்சி போட்டு உங்களையும் சேர்த்த அழைப்பெண்டால், நீங்கள் அழிப்பது உங்கள் காலண்டரில் மட்டும்தான். அவவின்ரை போனில் தொடர்ந்து அடிக்கும். நிப்பாட்டச் சொல்ல முதல் ஒருக்கா கேளுங்கோ, அவவுக்கு அது வேணுமாயும் இருக்கலாம்.