தென்காசிக்கு நர்ஸிங் கலாசாலை

சாரல் பிறந்துவிட்டால் ஐந்தருவிக்கு நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் திரள்கிறார்கள். பாறையில் வழுக்கி விழுந்தவருக்குத் தென்காசி ஸர்க்கார் ஆஸ்பத்திரியே கதி. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இராமுழுதும் கண்விழித்து, நாடி பார்த்து, ஜுரம் ஏறுவதை முதலில் அறிந்து சொல்லுகிறவள் நர்ஸ். அவளுடைய கல்வியைப் பற்றி நாம் போதிய கவலை கொண்டிருக்கிறோமா?

இவ்வேலைக்குக் கைப்பழக்கமே போதும், பட்டம் எதற்கு என்பார் இன்றும் உளர். 1946-லேயே டில்லியிலும், சென்னை ஸர்வகலாசாலையின் இணைப்புடன் வேலூரிலும், நர்ஸிங் பட்டப் படிப்பு தொடங்கிவிட்டது என்பதை அவர்கள் அறியார் போலும். மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் உயிருக்கே அபாயம். அத்தகைய பொறுப்பைச் சுமப்பவருக்குச் சாஸ்திர ஞானம் வேண்டாமா?

பட்டத்துக்கு வழிகள் இல்லாமலில்லை. பள்ளியிறுதியில் விஞ்ஞானம் பயின்றவர் நான்கு வருஷத்தில் பி.எஸ்ஸி. பெறலாம். மூன்று வருஷ டிப்ளமா பெற்றவர் மேலும் இரண்டு வருஷம் பயின்று பட்டதாரியாகலாம். அப்பால் எம்.எஸ்ஸி.யும் ஆராய்ச்சிப் பட்டமும் உண்டு. ஆனால் ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய், தன் மகளை மதுரைக்கோ தேனிக்கோ அனுப்பி ஸர்க்கார் கலாசாலையில் படிக்க வைப்பது எளிதா? தனியார் கலாசாலைக் கட்டணத்துக்கு அவள் எங்கே போவாள்?

2023 ஏப்ரலில் மத்திய மந்திரிசபை, தலைக்குப் பத்துக் கோடி ரூபாய் உதவியுடன் 157 நர்ஸிங் கலாசாலைகளுக்கு அனுமதி தந்தது. வரவேற்கத் தக்கதே. ஆயின், 2014-க்குப் பின் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரிகளை ஒட்டியே அவை அமைய வேண்டுமென்பது நிபந்தனை. 2019 நவம்பரில் தனி ஜில்லாவான தென்காசியோ, 2022 ஜனவரியில் தமிழகத்தில் திறக்கப்பட்ட பதினொரு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றையும் பெறவில்லை. ஆகவே, ஒன்று கிடைக்காத குற்றத்துக்காக மற்றொன்றும் மறுக்கப்பட்டதாயிற்று!

ஆசிரியர்களும் கட்டடங்களும் ஓரிடத்தில் இருந்தால் செலவு குறையும் என்னும் வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நர்ஸிங் மாணாக்கிக்கு முக்கியமாக வேண்டுவது நோயாளியின் படுக்கையருகில் பெறும் அனுபவம். அதனை அளிக்கத் தென்காசியில் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது.

அவ்வாஸ்பத்திரியைச் சார்ந்து ஒரு ஸர்க்கார் நர்ஸிங் கலாசாலை நிறுவ வேண்டும். பணியிலுள்ள டிப்ளமா நர்ஸுகள் சம்பளத்துடன் விடுப்புப் பெற்று அங்கே பட்டம் பயிலவும் வசதி செய்ய வேண்டும். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இவ்வட்டாரத்தின் பிரதிநிதிகளாயிருப்போர், கட்சி பேதம் பாராது, இக்கோரிக்கையை ஒரே குரலில் எழுப்புவார்களா?