பாலும் பட்டும் மயிற்பீலியும்

ஆடிக் கிருத்திகை நாள்களில் திருத்தணி மலையை நோக்கிச் செல்லும் காவடிகளைக் கே.ஜி.கண்டிகையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வாழும் மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். ஒருவர் தோளில் மலர்க் காவடி, மற்றொருவரிடம் பாற்குடம், இன்னொருவர் காவடியை மயிற்பீலி அணி செய்கிறது. ஒன்று செடி தந்தது. ஒன்று பசு தந்தது. ஒன்று பறவை உதிர்த்தது. அயலாரின் பக்தியை மதிப்பவர்கள் நாம். அதனை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆயினும், மனிதன் பிற உயிர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எவ்வாறு எடுத்துக்கொள்ளலாம் என்னும் பழைய கேள்வி அம்மூன்று பொருள்களிலும் அடங்கியிருக்கிறது.

அக்கேள்வி இன்று நம் இல்லங்களுக்குள்ளேயே எழுகிறது. கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன், தேநீரில் பால் வேண்டாம் என்கிறான். மணநாள் குறிக்கப்பட்ட மகள், பட்டுப்புடவை வேண்டாம் என்கிறாள். தோற்செருப்பும் தேனும் தயிரும் ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. இது என்ன புதுப் பிடிவாதம் என்று தாய் வருந்துகிறாள். படிப்பு தலைக்கேறிவிட்டது என்று தந்தை சினக்கிறார். பிள்ளையோ, உயிர்களின் வேதனை உங்களுக்குப் பொருட்டில்லையா என்று கேட்கிறது. இரு சாராரும் சற்று அமர்ந்து சிந்திக்க வேண்டும் என்பதே இம்மாதம் நம் விண்ணப்பம்.

இந்நெறியைத் தமிழில் ‘நனிசைவம்’ என்று வழங்குகின்றனர். புலாலை மட்டுமன்றி, பால், முட்டை, தேன், பட்டு, தோல் முதலிய விலங்குப் பொருள்கள் அனைத்தையும் விலக்குவது இது. 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் நண்பர்கள் சிலரும் இதற்கெனச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை விலங்குகளைச் சுரண்டாமலும் வதைக்காமலும் வாழ்வதே இந்நெறி என்று அச்சங்கம் பிற்காலத்தில் விளக்கம் கூறியது. ‘இயன்றவரை’ என்னும் அச்சொல்லை நாம் மறந்துவிடலாகாது.

பெயர் புதிதாயினும் கருத்து நமக்குப் புதிதன்று. புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். ஜீவகாருண்யத்தைத் தம் நெறியின் அடித்தளமாக்கிய வள்ளலார், 1867-ஆம் ஆண்டு வடலூரில் தருமச்சாலை நிறுவிப் பசித்தோர்க்குச் சோறிட்டார். உயிரிரக்கமும் ஏழையின் பசியும் அவருக்கு இருவேறு காரியங்களாக இருக்கவில்லை. நம் முன்னோரும் தவக்காலத்தில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரித்தவர்களே. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகக் கொடுக்கப்படுபவை விதை தரும் செடிகளும் கனி தரும் மரங்களுமே. வெள்ளப் பெருக்கிற்குப் பின்னரே புலால் அனுமதிக்கப்படுகிறது. 1992-ஆம் ஆண்டு வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவது முறையே என்கிறது. ஆயினும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்றும் அது போதிக்கிறது. ஆகவே பிள்ளையின் கேள்வியை விதண்டாவாதம் என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

முதலில் பாலை எடுத்துக்கொள்வோம். கன்று குடித்த மிச்சத்தையே நாம் கறக்கிறோம் என்று சொல்லி வந்தோம். கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் இரண்டொரு மாடு வைத்திருக்கும் சிறு குடும்பத்தில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. பெண் கன்று பால் மாடாகும். காளைக் கன்று ஏர் உழும், வண்டி இழுக்கும். இன்று உழவு இயந்திரம் வந்துவிட்டது, காளைக்கு வேலையில்லை. பால் தரும் காலம் முடிந்த பசுவுக்கும் பயன்படாத காளைக் கன்றுக்கும் தீனி போட வழியின்றி ஏழை விவசாயி அவற்றை விற்றுவிடுகிறான். நாம் புலால் உண்ணாதவராயினும், நம் வீட்டுப் பாலுக்கும் அந்த அடிமாட்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அந்த விவசாயியைப் பழிப்பதும் நீதியன்று. பால் பணமே பல இல்லங்களில் பிள்ளைகளின் படிப்புச் செலவு.

காந்தியடிகளும் இவ்விடத்தில் தடுமாறினார். பசுக்களையும் எருமைகளையும் கறப்பதில் நடக்கும் கொடுமைகளை அறிந்து, 1912-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அவர் பாலை விட்டார். 1918-இல் கடும் நோயுற்று உடல் தேறாதிருந்தபோது, தம் விரதம் பசுவையும் எருமையையும் பற்றியதே என்று கஸ்தூரிபாய் அம்மையார் சொன்ன சமாதானத்தை ஏற்று ஆட்டுப்பால் அருந்தினார். விரதத்தின் சொல் காக்கப்பட்டதேயன்றி அதன் பொருள் காக்கப்படவில்லை என்று தம் சுயசரிதையில் அவரே எழுதிவைத்தார். உறுதியோடிருந்த அம்மகானுக்கே வாழ்க்கை இத்தகைய முடிச்சைப் போட்டதென்றால், நாம் ஒருவர்மீது ஒருவர் கல்லெறிவதற்கு என்ன இருக்கிறது?

அடுத்துப் பட்டு. கூட்டுக்குள் உறங்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளிவந்தால் இழை அறுபடும் என்பதற்காகவே கூடுகளை வெந்நீரிலும் ஆவியிலும் இடுகின்றனர். ஒரு புடவைக்குப் பல்லாயிரம் கூடுகள் வேண்டும். ஆந்திர மாநிலக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசுமா ராஜய்யா என்பவர், பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று ‘அகிம்சைப் பட்டு’ நெய்யும் முறையை வளர்த்தார். அது மெச்சத்தக்க முயற்சி. ஆயினும் அறுபட்ட இழையை நூற்க உழைப்பும் செலவும் மிகுதி. வெளிவரும் பூச்சியோ, தலைமுறை தலைமுறையாக மனிதன் வளர்த்ததால் பறக்கும் ஆற்றலை இழந்தது. முட்டையிட்டுச் சில நாள்களில் மடிந்துவிடும். அம்முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் அனைத்திற்கும் முசுக்கட்டை இலை கொடுப்பவர் யார்? கொல்லாமை என்பது ஒரு படியில் முடிந்துவிடுவதில்லை.

மயிற்பீலியின் கதை வேறு. ஆண்மயில் ஆண்டுதோறும் தன் தோகையைத் தானே உதிர்க்கிறது, பொறுக்கியெடுப்பதில் வதையில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலைக் கொல்வதைக் கடுங்குற்றமாக்கியதாயினும், உதிர்ந்த பீலியை நாட்டுக்குள் விற்பதற்கு விலக்களித்தது. ஆனால் தேவை பெருகும்போது, உதிர்ந்தது எது, பிடுங்கியது எது என்று வாங்குபவர் கேட்பதில்லை. கேட்காத வாடிக்கையாளரே வேட்டைக்காரனுக்குத் துணை. ஆக, விலங்கிடமிருந்து வந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எந்த வழியில் வந்தது என்றும் கேட்க வேண்டும்.

சரி, செடியிலிருந்து வருபவை எல்லாம் குற்றமற்றவையா? இங்கேதான் நம் இளைஞர்களும் சற்று நின்று நிதானிக்க வேண்டும். சர்க்கரையை எலும்புக்கரியால் வெளுப்பார்கள் என்று பிறநாட்டு நூல்களில் படித்துவிட்டுச் சிலர் அதனையும் விலக்குகின்றனர். நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பையும் கந்தகப் புகையையும் கொண்டே கரும்புச் சாறு தெளிவிக்கப்படுகிறது. எலும்புக்கு அங்கே இடமில்லை. ஆனால் அக்கரும்பை வெட்டியவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்டோமா? சோறு தூய தாவர உணவு. அந்நெல்லுக்கு இட்டது தொழு உரம், மாட்டின் கொடை. பயிரைக் காக்கத் தெளிக்கும் மருந்தில் எத்தனையோ சிற்றுயிர்கள் மடிகின்றன.

இவை எல்லாவற்றையும்விடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டிலேயே கொத்தடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும், நம் திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்திற்காகப் பிள்ளைகளோடு அடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். அத்தகைய ஆலையில் அவித்த அரிசியில் ஒரு துளி இரத்தமும் இல்லை. ஆயினும் அதனைக் குற்றமற்ற உணவு என்று யார் சொல்வார்?

அதே இருளர் மக்களிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடமும் உண்டு. பாம்புகளைப் பிடித்துத் தோலுக்காக விற்பது அவர்களுள் பலருக்குப் பிழைப்பாக இருந்தது. வனவிலங்குச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அவர்கள் அடுப்பு அணைந்தது. 1978-ஆம் ஆண்டு ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்தே பாம்புக்கடி மருந்து செய்யப்படுகிறது. இதில் பாம்புக்கும் குதிரைக்கும் வேதனையே இல்லையென்று நாம் கூறவில்லை. ஆனால் வேர்க்கடலைக் கொல்லையில் வெறுங்காலோடு நிற்கும் உழவனை விரியன் தீண்டினால், அவன் உயிரைக் காப்பது அம்மருந்தே. தோலுக்காகக் கொன்ற அதே கைகள் இன்று உயிர் காக்க நஞ்செடுத்துப் பாம்பை விடுவிக்கின்றன. ஆடம்பரத்திற்கும் அவசியத்திற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எது காட்டும்?

எனவே, ஒரு பொருள் நம் வீட்டுக்குள் வரும்போது நாம் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. இது நமக்கு உண்மையாகவே தேவைதானா? இதற்காக வருந்திய உயிர் எது? இதற்காக வஞ்சிக்கப்பட்ட மனிதர் யார்? முதலிரண்டை மட்டும் கேட்பவர் ஏழையை மறக்கக்கூடும். மூன்றாவதை மட்டும் கேட்பவர் வாயில்லாச் சீவனை மறக்கக்கூடும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்குமாறு நம்மை அழைத்தார்.

இனி இல்லத்தாருக்கு நடைமுறை யோசனை சில. பாலையும் முட்டையையும் முற்றிலும் விலக்குவோருக்கு ‘பி12’ என்னும் வைட்டமின் வெறும் தாவர உணவால் போதிய அளவு கிடைப்பதில்லை. அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் நேரும். நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யப்படும் பி12 மாத்திரைகள் கிடைக்கின்றன; மருத்துவரைக் கேட்டு உட்கொள்வது கட்டாயம். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இதில் மிகுந்த கவனம் கொள்ளட்டும். குழந்தைகளின் உணவில் மருத்துவர் ஆலோசனையின்றி எந்தச் சோதனையும் வேண்டாம். பயறும் வேர்க்கடலையும் எள்ளும் கேழ்வரகும் கீரையும் நம் மண்ணில் விளைபவை. விலையுயர்ந்த வெளிநாட்டுப் பொட்டலங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

பிள்ளைகளே, உங்கள் இரக்கம் விலங்குகளோடு நின்றுவிட வேண்டாம். உங்களுக்கெனத் தனியே சமைக்கும் தாயின் களைப்பும் அதில் இடம்பெறட்டும். அடுப்படியில் நீங்களும் கைகொடுங்கள். பெற்றோரே, மகள் பருத்திப் புடவையில் மணமேடைக்கு வர விரும்பினால், ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சாதீர்கள். அப்புடவையை நம் வட்டாரத்துக் கைத்தறி நெசவாளரிடமே வாங்கி, பேரம் பேசாமல் உரிய விலையைக் கொடுங்கள். அந்த மணநாளில் ஒரு புழுவும் வேகாது. ஒரு நெசவாளர் வீட்டில் உலையும் கொதிக்கும்.