ஃபிலிமா டிஜிட்டலா? அலையைக் கேளுங்க!

முப்பரிமாணப் படம் எடுக்குற மக்களுக்குள்ள ரொம்ப நாளா ஒரு பட்டிமன்றம். ஃபிலிம் கேமரா உசத்தியா, டிஜிட்டல் உசத்தியான்னு. என்னைக் கேட்டா கேள்வியே தப்பு. எதிர்ல இருக்குறது அசையுதா, அசையலையா? அதான் கேள்வி.

விஷயம் சிம்பிள். நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சுமார் 6.5 செ.மீ. அந்த இடைவெளியில ரெண்டு படம் எடுத்து, இடதை இடக்கண்ணுக்கும் வலதை வலக்கண்ணுக்கும் காட்டினா ஆழம் தெரியும். அவ்ளோதான்.

இப்ப நல்லவாடு கடற்கரையில நின்னு, கரையை ஒட்டின மாதிரி பாருங்க. அலை குறுக்கால போகுது, வினாடிக்கு 3 மீட்டர்னு வெச்சுக்குவோம். ரெண்டு டிஜிட்டல் கேமராவைப் பக்கத்துல பக்கத்துல மாட்டி ரெண்டு கையாலயும் அமுக்கினா, 1/20 வினாடி வித்தியாசம் சாதாரணமா வரும். அதுக்குள்ள அலை 15 செ.மீ. நகர்ந்துடும். கண் இடைவெளியைப் போல ரெண்டு மடங்குக்கு மேல! அப்புறம் அலை மூஞ்சிக்கு முன்னாடி தொங்கும், இல்லேன்னா அடிவானத்துக்கு அந்தாண்ட போயிடும். பார்க்குறவனுக்குத் தலைவலிதான் மிச்சம் :-)

1947ல வந்த 'ஸ்டீரியோ ரியலிஸ்ட்' ஃபிலிம் கேமராவுல இந்தத் தொல்லை இல்ல. ஒரே அமுக்கு, ரெண்டு ஷட்டரும் சேர்ந்தே திறக்கும். ஃபிலிம் ஆளுங்க பெருமைப்படுறது நியாயம்தான். ஆனா அந்தப் பெருமை ஃபிலிமுக்கு இல்லீங்க, ஒரே உடம்புல இருக்குற ரெண்டு லென்ஸுக்கு. 2009ல ஃபியூஜிஃபிலிம் அதையே டிஜிட்டல்ல செஞ்சு காட்டுச்சு. வாங்க ஆள் இல்லாம அந்த வரிசை நின்னுபோனது வேற சோகம்.

சரி, அசையாததுக்கு? வீடு, தென்னை, கரையில கொட்டின பாறாங்கல்லு. இதுக்கு கையில இருக்குற போனே போதும். கணக்கு ஒண்ணுதான்: கிட்ட இருக்குற பொருளோட தூரத்துல முப்பதுல ஒரு பங்கு நகரணும். 30 மீட்டர் தள்ளி நின்னா 1 மீட்டர். ஒரு குச்சியைத் தரையில போட்டு, அந்த முனையில ஒண்ணு, இந்த முனையில ஒண்ணு. படம் ரெடி. ரோல் காசு இல்ல, கழுவுற காசும் இல்ல.

இதை ஏன் இவ்ளோ மெனக்கெட்டு சொல்றேன்னா, சுனாமிக்கு முன்னாடி கரை எங்க இருந்துச்சுன்னு கேட்டா, பெருசுங்க கடலைப் பார்த்துக் கையை நீட்டுறாங்க. கை நீட்டினதை அளக்க முடியுமா? சாதாரண போட்டோவும் தூரம் சொல்லாது. இரட்டைப் படத்துல, குச்சியோட நீளம் தெரிஞ்சா பின்னாடி எப்ப வேணா அளக்கலாம். 1858லயே லின்னேயஸ் ட்ரைப் மதுரை, தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் இரட்டைப் படம் எடுத்து வெச்சிட்டுப் போனார். நம்ம கையில போன் இருந்தும் கரைக்கு ஒரு ஜோடி கிடையாது.

அதனால எது உசத்தின்னு சண்டை அப்புறம் போடலாம். உங்க ஊர்க் கரைக்கு ஒரு ஜோடி எடுங்க. தேதி, குச்சி நீளம் ரெண்டையும் எழுதுங்க. சிவப்பு-நீலக் கண்ணாடிக்குன்னு ஒண்ணாக் கலந்துட்டு மூலப்படத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க, இடது வலது தனித்தனியா இருக்கட்டும். அடுத்த வருஷம் அதே இடம், அதே குச்சி.

கடல் காத்திருக்காது மக்களே.