மனைக்கு முன்னால் குடும்பத்தைப் பாருங்கள்

“முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சுங்க சார், ஒண்ணுமே இல்லீங்க.”

மனை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததும் சொல்வது இதைத்தான். மில்லில் கூட வேலை பார்ப்பவர் சொல்லியிருப்பார், சீட்டுப் பிடிக்கிற அக்கா சொல்லியிருப்பார், மச்சான் சொல்லியிருப்பார்: ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமாக இருந்தால் துணிந்து அட்வான்ஸ் கொடு. சிறுகச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்குபவர்களிடையே இவ்வளவு நம்பிக்கையோடு கைமாறும் அறிவுரை வேறில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாமல் வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

வில்லங்கச் சான்றில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிந்தது மட்டுமே இருக்கும். பதிவான கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, அடமானம் எல்லாம் வரும். ஒருவர் இறந்துபோனது வராது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வராது. பீரோவில் மடித்து வைத்திருக்கும் உயில் வராது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவும் இல்லை. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் பாகவழக்கும் பெரும்பாலும் வராது.

கோவைப் பக்கம் ஒரு தம்பதி. கணவருக்கு லேத் பட்டறையில் வேலை, அந்த அம்மாவுக்குத் தையல். ஐந்தரை சென்ட் மனை வாங்கி, கிரயமும் முடித்து, பிறகு வழக்கு வந்தபின் என்னிடம் வந்தார்கள். கெட்டுப்போகக் கூடாது என்று வில்லங்கச் சான்றை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. 1978-ல் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு இவர்கள் கிரயம்தான். நடுவில் பல வருடங்களுக்குப் பதிவே இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் விஷயம் இருந்தது. 1978-ல் வாங்கியவர் 1994-ல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். அப்போது மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள் இருந்தார்கள். அவரைப் பெற்ற தாயும் உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. தாய்க்குப் பங்கு உண்டு என்பது வக்கீல் குமாஸ்தாக்களுக்கே சில நேரம் மறந்துபோகிறது. சில வருடம் கழித்து அந்தத் தாயும் இறந்தார். அவருடைய பங்கு பேரப்பிள்ளைகளோடு நின்றுவிடாது. அவருடைய இரண்டு மகள்களுக்கும், அதாவது விற்றவர்களின் அத்தைமார்களுக்கும், அதில் பாகம் உண்டு. ஆக, கிரயத்தில் ஏழு கையெழுத்து வேண்டும். இருந்தது நான்கு: மனைவி, மூன்று மகன்கள்.

மகளை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு விற்றவர்கள் சொன்ன பதில் ஊர் முழுக்கச் சொல்வதுதான்: “அதுக்கு 89-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சுங்க.” இந்த ஒரு தவறான புரிதல் எத்தனையோ பெண்களின் உரிமையை விழுங்கியிருக்கிறது. 1989 மார்ச் 25 என்ற தேதி, பூர்வீகச் சொத்து பற்றிய தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கு உரியது. தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கும் அந்தத் தேதிக்கும் சம்பந்தமே இல்லை. அவர் உயில் எழுதாமல் இறந்தால், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் 1956 முதலே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் 2005 மத்தியத் திருத்தமும், 2020-ல் உச்ச நீதிமன்றம் அதற்குக் கொடுத்த விளக்கமும் வந்தபின் கல்யாணத் தேதியைச் சொல்லி மகளை ஒதுக்க முடியாது.

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பார்த்துத்தானே சார் பதிஞ்சாங்க?” என்று அந்த அம்மா கேட்டார். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் சார்பதிவாளருக்குக் கிடையாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. மூலப்பத்திரத்தைக் காட்டச் சொன்னாலும்கூட, வாரிசுகளைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை இல்லை. நான்கு பேர் விற்றால் அந்த நான்கு பேரின் பங்குதான் கைமாறும். ஏழு சதவீத முத்திரைத் தீர்வையும் இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணமும் முழு மனைக்கும் கட்டியிருந்தாலும் அப்படித்தான்.

பட்டாவும் இப்படியே. பெயர் மாறிய பட்டா கையில் இருந்தால் நிலம் தன்னுடையது என்று நினைக்கிறார்கள். அது வருவாய்த் துறையின் கணக்கு. உரிமையை அது தராது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. 1980-களின் யுடிஆர் என்ற நில ஆவணப் புதுப்பிப்பில் பெயர் மாறி விழுந்து இன்றும் அலைகிறவர்கள் இல்லாத தாலுகா அலுவலகம் உண்டா?

அதனால்தான், மனையைப் பார்க்கக் கிளம்பும் முன் விற்பவரின் வம்சாவழியை ஒரு தாளில் எழுதுங்கள் என்கிறேன். மூலப்பத்திரத்தில் இருக்கும் முதல் பெயரில் தொடங்குங்கள். அவர் எப்போது இறந்தார், அன்று யார் யார் உயிரோடு இருந்தார்கள், அவர்களில் யார் பிறகு இறந்தார்கள் என்று கீழே இறங்கி வாருங்கள். (கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு, ஆனால் தாள் இதேதான்.) ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ கையெழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்களில் மைனர் இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்: மைனருக்கென்று தனியாக உள்ள சொத்தைத் தாயோ தகப்பனோ விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

அட்வான்ஸ் விஷயத்தில் இரண்டே சொல். கிரய ஒப்பந்தத்தை 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும். நிலத்துக்கான பணத்தை ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கைமாற்றக் கூடாது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

வம்சாவழித் தாளைச் சரிபார்க்க வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அதில் பெயர் விட்டுப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் எப்போதும் கேட்பது இறந்தவரின் காரியப் பத்திரிகை, அல்லது அன்று ஒட்டிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியின் படம். சொத்துக் கணக்கு எதுவும் மனதில் இல்லாத நேரத்தில் அச்சடித்தது அது. மகன்கள், மகள்கள், மருமகன்கள் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். எதுவும் இல்லையென்றால் பக்கத்து மனைக்காரரிடம், முடிந்தால் தெருவிலேயே வயதானவரிடம், அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் உண்டா என்று கேளுங்கள்.

அந்த ஐந்தரை சென்ட்டில் விடுபட்ட மகளைத் திருப்பூரில் போய்ப் பார்த்தேன். பனியன் கம்பெனியிலிருந்து வந்து, முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன்களைத் திட்டவில்லை. “கெரயத்துக்கு முன்னாடி ஒருத்தராவது எங்கிட்ட வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க” என்றார். வாங்கியவர்களுக்கு அவர் வீடு தெரியும். பத்திரம் பதிவான பிறகு கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க அந்த வாசலுக்கே போயிருக்கிறார்கள்.

(கட்டுரையாளர், சொத்து ஆவணங்களை ஆய்வு செய்யும் வழக்கறிஞர்)