குற்றவாளி கோழியா?

மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று மற்றவர்கள் எழுதிவிட்டதால் நான் கோழியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க. கோழி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கை தூக்குங்க என்று சொன்னால் நம்ம வகுப்பில் நாலு கைகூட வராது.

என் கருத்து இதுதான். முட்டை போடாத கோழியையும், போட்ட முட்டையைக் கொத்திக் குடிக்கிற கோழியையும் நம்ம ஊரில் உடனே குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். விசாரணையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குழம்பில் கொதிக்கிறதுதான் தீர்ப்பு. விசாரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கூட்டுக்குள்ளோ தீவனத்திலோ இருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. எங்க வீட்டில் நெல்லு விற்ற காசு, ஆடு விற்ற காசு எல்லாம் அப்பா கைக்குப் போகும். முட்டைக் காசு மட்டும்தான் அம்மாவுடைய கடுகு டப்பாவுக்குப் போகும். எனக்கு கிராப் தாள், தம்பிக்குப் பென்சில், யாருக்காவது காய்ச்சல் என்றால் பஸ் காசு எல்லாம் அந்த டப்பாவில் இருந்துதான் வரும். கோழியை அறுத்தால் குழம்பு ஒரு நாள். டப்பா எத்தனை நாள் காலியாக இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் முட்டை போடாத கோழி. "நாமக்கல் பண்ணையில வருசத்துக்கு 300 முட்டை போடுதாம், நம்ம கோழி தின்னுட்டு சும்மா திரியுது" என்று பேசுகிறார்கள். பண்ணைக் கோழி முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட இனம். அது அடைக்கு உட்காராது, குஞ்சு வளர்க்காது. நம்ம நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து பொரிக்கும். பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளைப் பருந்திடம் இருந்தும் காக்காவிடம் இருந்தும் காப்பாற்றும். இதெல்லாம் வேலை இல்லையா? அதற்குப் பெயர் சும்மா திரிவதா? (இதை எழுதும்போது எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. அவங்களையும் "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்பார்கள்.)

அடையைத் தெளிய வைக்கிறேன் என்று கோழியைத் தண்ணீரில் முக்குகிறார்கள். சிலர் அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துவாரத்தில் குத்திவிடுகிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். முட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தை மாற்றி, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் நாலைந்து நாள் அடைத்து இரையும் தண்ணீரும் வைத்தாலே அடை தெளிந்துவிடும்.

இறகு உதிர்க்கிற சமயத்திலும் முட்டை நிற்கும். இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். தின்கிற சத்து புது இறகுக்கே போய்விடுவதால் முட்டைக்கு மிஞ்சாது. குடலில் புழு இருந்தாலும், கழிச்சல் வந்து தேறினாலும் இப்படித்தான்.

சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்போது இரையும் குறைந்துவிடும், முட்டை ஓடும் மெலிந்துவிடும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர் என்று தெரியுமா? கொட்டாங்குச்சியில் காலையில் ஊற்றிய தண்ணீரை அது பத்து மணிக்கே கவிழ்த்துவிட்டால், சாயங்காலம் வரை தாகத்தோடு கிடக்கிற கோழி எதை வைத்து முட்டை போடும்? அகலமான மண்சட்டியை நிழலில் வைத்து உள்ளே ஒரு கல்லைப் போட்டால் கவிழாது.

சில கோழி முட்டை போடுவதை நிறுத்தியே இருக்காது. இடத்தைத்தான் மாற்றியிருக்கும். எங்க கறுப்புக் கோழி பத்து நாளாகக் கேறிக்கொண்டே வந்தது, கூட்டில் முட்டை இல்லை. பின்னாலேயே போய்ப் பார்த்தால் வைக்கோல் போருக்குள் ஒன்பது முட்டை!

இப்போது பெரிய குற்றவாளிக்கு வருகிறேன். முட்டை குடிக்கிற கோழி. அதற்கு எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். காலி ஓட்டுக்குள் மிளகாய்ப்பொடியைத் திணித்து வைப்பது. "ஒரு தடவை காரம் ஏறிச்சுன்னா அப்புறம் கிட்டயே போகாது" என்று எங்க அப்பத்தா அடித்துச் சொல்லும். அப்பத்தாவிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. கிளி ஏன் மிளகாய்ப் பழத்தை அப்படி ரசித்துத் தின்கிறது? பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்ற பொருள் நம்ம நாக்கை எரிக்கிற மாதிரி அவற்றின் நாக்கை எரிப்பதில்லை. மிளகாய்ப்பொடி முட்டை கோழிக்கு இன்னொரு தீனி, அவ்வளவுதான்! அப்பத்தா பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டது.

கோழி பிறவியிலேயே முட்டை குடிப்பதில்லை. எங்க வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடலை விதைப்பு நேரத்தில் பக்கத்துக் காட்டில் கோழி போய் விதையைப் பொறுக்குகிறது என்று சண்டை வந்தது. அதனால் ஏழு கோழியையும் பகல் முழுக்க அடைத்து வைத்தார்கள். வெளியே திரிந்தால் அது நத்தை, பூச்சி, கீரை, பொடிக்கல் என்று எல்லாம் தேடித் தின்னும். உள்ளே வெறும் நொய்யும் தவிடும். அதில் சுண்ணாம்புச்சத்து மிகவும் குறைவு. ஆனால் ஒரு பண்ணை முட்டையின் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். நாட்டு முட்டை சின்னது, அதற்குக் கொஞ்சம் குறையும். கோழி தன் எலும்பில் இருந்துகூட எடுத்துக் கொடுக்கும். எத்தனை நாளைக்குக் கொடுக்கும்? மூன்றாவது வாரம் தோல்முட்டை வந்தது. ஒரே கூடையில் இரண்டு கோழி ஏறி மிதித்ததில் ஒன்று உடைந்தது. உடைந்ததை ஒரு கோழி ருசி பார்த்தது. அதைப் பார்த்து அடுத்த கோழி. பசியும் சத்துக் குறைவும் இருக்கிற இடத்தில் மஞ்சள் கருவை எது விடும்?

மாமா வந்து "மூக்கைச் சுடு, இல்லேன்னா அறு" என்றார். அம்மா ஒரு வாரம் தவணை கேட்டாங்க. கூடை மூன்றாகி, இருட்டான மூலைக்குப் போனது. வைக்கோல் தடிமனாகப் போட்டோம். காலையிலும் மத்தியானமும் முட்டையை உடனுக்குடன் எடுத்தோம். முட்டை மாதிரி இருந்த வெள்ளைக் கூழாங்கல்லைக் கூடையில் வைத்தோம். கொத்திக் கொத்தி மூக்கு வலித்ததுதான் மிச்சம். பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டுக் கவிழ்த்து வைத்து, மறுநாள் ஏறிய கரையானைக் கொட்டினோம். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது நான் காவல் நின்று திறந்துவிட்டேன். ஆறு கோழி திருந்திவிட்டது. ஒன்று மட்டும் திருந்தவே இல்லை. அதை விற்றோம், மறைக்கவில்லை. ஆனால் ஏழும் போயிருக்க வேண்டியது.

ஒரு வார்த்தை, தண்டிக்கும் முன் மூக்கைப் பாருங்க. குடித்த கோழியின் மூக்கில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கும். ஓடுகூட இல்லாமல் முட்டை மாயமானால் பாம்பையோ காக்காவையோ சந்தேகப்படலாம். பாம்பு அப்படியே முழுங்கிவிடும், காக்கா தூக்கிக்கொண்டு போய்விடும்.

கடைசியாக, எங்கள் தலைமை ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கோரிக்கை. சத்துணவில் வாரத்துக்கு 5 நாள் முட்டை சாப்பிடுகிறோம். ஒரு ஓடு 5, 6 கிராம் இருக்கும். நம்ம பள்ளியில் சாப்பிடுகிறவர்கள் 150 பேர் என்றால் தினமும் முக்கால் கிலோவுக்குமேல் ஓடு குழிக்குள் போகிறது. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புதான். ஓட்டைக் கழுவிக் காயவைத்து, சட்டியில் வறுத்து, ஓடு என்று அடையாளமே தெரியாதபடி பொடியாக்கித் தவிட்டில் கலந்தால் கோழிக்கு வேறு மருந்து வேண்டாம். பொடியாக்காமல் போட்டால் முட்டை குடிக்கப் பழக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும், அதில் கவனம். ஓட்டைத் தனியாகப் போட ஒரு வாளி வைக்கவும், விரும்புகிற பிள்ளைகள் முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகவும் அனுமதி வேண்டும். சமையல் ஆயாவிடம் கேட்டுவிட்டேன். "வாளி கொண்டாந்தா நான் ஏன் வேணாங்குறேன்" என்று சொன்னாங்க. வாளி எங்க வீட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டு வரட்டுமா, ஐயா?